உபதேசம் இல்லாத ஓர் அறை

நம் நாட்டில் குடிப்பவனுக்கு எதற்குப் பஞ்சம் வந்தாலும் உபதேசத்துக்கு மட்டும் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. காலையில் நடுங்கும் கையோடு அவன் காபித் தம்ளரைப் பிடிக்கும்போதே தாயார் தொடங்கிவைக்கும் அந்தக் கைங்கரியத்தை, மனைவியும் மைத்துனரும் எதிர்வீட்டுப் பெரியவரும் அலுவலகத்து மேலதிகாரியும் முறைவைத்து நடத்திக்கொடுக்க, இரவு கடை சாத்தும் நேரத்தில் கூட உட்கார்ந்து குடித்த நண்பனே "கொஞ்சம் குறைச்சுக்கடா மாப்ளே" என்று சொல்லி மங்களம் பாடி முடிக்கிறான். இவர்கள் சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை. ஈரல் கெடும், வேலை போகும், பெண்ணுக்கு வரன் அமையாது என்பதையெல்லாம் இவர்கள் அத்தனை பேரையும்விடக் குடிப்பவன் நன்றாக அறிந்திருக்கிறான் என்பதும், அறிந்திருந்தும் மறுநாள் அந்தி சாயும்போது அவன் கால்கள் தாமாகவே பழைய இடத்துக்கு நடக்கின்றன என்பதும்தான் இந்த வியாதியின் விசித்திரம்.

அவனால் நிறுத்தவே முடியாது என்று சொல்வதற்கும் இல்லை. கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டால், ஒரு மண்டலம் முழுவதும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, செருப்பில்லாமல் நடந்து, மதுவின் வாடையே படாமல் இருக்கும் மனிதர்களைத் தெருவுக்குத் தெரு காண்கிறோம். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே, சிலர் விஷயத்தில் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே, விட்டுப்போன நாட்கள் அத்தனைக்கும் வட்டியோடு ஈடுகட்டிவிடுகிறவர்களையும் காண்கிறோம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்களும், குழந்தையின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர்களும் அநேகமாக இந்த வழியில்தான் போகிறார்கள். ஆகவே நிறுத்துவதற்கு வேண்டிய பலம் வேறு. நிறுத்திய பிறகு, விரதமோ பண்டிகையோ ஒன்றுமில்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், நிறுத்தியபடியே இருப்பதற்கு வேண்டிய பலம் வேறு. பின்னதற்கென்றே ஏற்பட்ட ஒரு கூட்டுறவு ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் இருக்கிறது. நம் ஊர்களிலும் அது வாரந்தோறும் சத்தமில்லாமல் கூடிக் கலைகிறது. போகிறவர்கள் அதைச் சுருக்கமாக ‘ஏ.ஏ. மீட்டிங்’ என்பார்கள்.

அதன் பிறப்பைச் சொல்லாமல் அதன் முறையை விளக்க முடியாது. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில், 1935-ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு சனிக்கிழமையன்று, மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் தன்னந்தனியாக உலாவிக்கொண்டிருந்தார். வந்த வியாபாரம் முறிந்துவிட்டது, கையிருப்போ சொற்பம், முன்கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கூடமும் அதன் கலகலப்பும், மற்றொரு கோடியில் ஒரு தொலைபேசியும் நகரத்து மாதாகோயில்களின் பட்டியலும் இருந்தன. அவர் குடியை விட்டு அப்போது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அந்த ஐந்து மாதங்களும் நியூயார்க்கில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பிடித்து, தாம் பெற்ற ஞானத்தை அவர்களுக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தார்; ஒருவர்கூடத் தெளியவில்லை. ‘பிரசங்கத்தைக் குறைத்துக்கொள்ளும்’ என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த் எச்சரித்திருந்தார். ஆனால் மனைவி லோயிஸ் வேறொன்றைக் கவனித்திருந்தார்: யாரும் திருந்தாவிட்டாலும், திருத்தப் போனவர் குடிக்காமல் இருக்கிறாரே! மதுக்கூடத்தின் சிரிப்பொலி காதில் விழ நின்ற அந்த நிமிஷத்தில் வில்சனுக்கு அதன் பொருள் விளங்கியது. தாம் தப்பிக்க வேண்டுமானால் மனம்விட்டுப் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் உடனே வேண்டும். அவர் தொலைபேசி இருந்த பக்கம் திரும்பினார்.

ஒரு பாதிரியார் மூலமாகவும், அவரிடமிருந்து வேறு சிலர் மூலமாகவும், கடைசியில் ஹென்ரியெட்டா ஸைபர்லிங் என்ற அம்மையாரின் தொடர்பு கிடைத்தது. அவருக்குத் தெரிந்த ஒரு குடிகாரர் இருந்தார். ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை வைத்திய நிபுணர். அன்றைக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினமாதலால் மனைவிக்கென்று ஒரு பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு வீடு வந்தவர், வந்த வேகத்தில் போதை தலைக்கேறிச் சாய்ந்துவிட்டார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியாது என்ற நிபந்தனையோடு மனைவியுடன் வந்த அந்த டாக்டர், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்து போனார். வில்சன் அவருக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. தாம் குடித்த கதையை, மறைக்க வேண்டியதையும் மறைக்காமல், சொல்லிக்கொண்டு போனார். குடியைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததைச் சொல்லாமல் சொந்த அனுபவத்திலிருந்து பேசிய முதல் மனிதரை அன்றுதான் சந்தித்ததாக டாக்டர் பிற்பாடு எழுதிவைத்தார்.

உடனே விட்டுவிட்டாரா என்றால், இல்லை. அட்லாண்டிக் ஸிட்டியில் நடந்த வைத்தியர் மகாநாட்டுக்குப் போகும் ரயிலிலேயே குடிக்கத் தொடங்கி, நினைவிழந்த நிலையில் திரும்பி வந்தார். செய்தே தீரவேண்டிய ஓர் அறுவை சிகிச்சை காத்திருந்தது. அன்று காலை, கத்தி பிடிக்கும் கை நடுங்காமல் இருப்பதற்காக, வில்சனே அவருக்கு ஒரு பாட்டில் பீர் வாங்கிக் கொடுத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். சிகிச்சை முடிந்தும் டாக்டர் நெடுநேரம் வீடு திரும்பவில்லை. பழையபடி எங்கேயாவது விழுந்துவிட்டாரோ என்று வீட்டார் அஞ்சிக்கொண்டிருக்க, அவரோ தமக்குக் கடன் கொடுத்தவர்களையும் தம்மால் மனம் நொந்தவர்களையும் வீடு வீடாகத் தேடிப்போய்ப் பிழை பொறுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த பீர்தான் அவர் வாழ்நாளில் குடித்த கடைசி மது. 1935 ஜூன் 10 என்று வழங்கும் அந்தத் தேதியையே ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பிறகு இருவருமாக ஆஸ்பத்திரியில் கட்டிப்போடப்பட்டிருந்த ஒரு வக்கீலின் படுக்கையருகே போய் உட்கார்ந்தார்கள், அவர் மூன்றாமவரானார். 1939-இல் ஒரு புத்தகம் வெளிவந்தது. 1941-இல் ‘ஸாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகை எழுதிய ஒரு கட்டுரையால் ஏறக்குறைய இரண்டாயிரமாக இருந்த உறுப்பினர் தொகை ஒரே வருஷத்தில் எட்டாயிரத்தைத் தொட்டது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டளவில் வேர் பிடித்த இந்த இயக்கம் இன்று ஏறக்குறைய 180 நாடுகளில் பரவியிருக்கிறது.

பரவியதைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம், இத்தனை காலம் உடையாமல் இருப்பதுதான். இதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பு, 1840-இல், பால்டிமோர் நகரத்து ஒரு மதுக்கடையில் ஆறு குடிகாரர்கள் கூடி ‘வாஷிங்டோனியர்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களும் ஒருவருக்கொருவர் சொந்தக் கதையைச் சொல்லித்தான் தெளிந்தார்கள்; ஆப்ரகாம் லிங்கனே 1842-இல் அவர்கள் சபையில் பேசியிருக்கிறார். ஆனால் மதுவிலக்கு அரசியலும் மேடைப் பிரசங்கிகளும் உள்ளே புகுந்ததும், சில ஆண்டுகளுக்குள் அந்தச் சங்கம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்தப் பாடத்தை ஏ.ஏ. நன்றாகப் படித்துக்கொண்டது. மதுவிலக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அதற்கு அபிப்பிராயமே கிடையாது. 1937-இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த நாள் தொட்டு, 2003 முதல் அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை வியாபாரத்தையும் நடத்தும் இந்நாள் வரையில், குடி என்றாலே தேர்தல் பிரசாரமாகிவிடும் நம் நாட்டவருக்கு இந்த மௌனம் சற்று விநோதமாகத்தான் இருக்கும். பணத்திலும் இதே வைராக்கியம். ஆரம்ப காலத்தில் வில்சனும் நண்பர்களும் ராக்ஃபெல்லரிடம் பெருந்தொகையை எதிர்பார்த்துப் போனபோது, பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று சொல்லி அவர் ஐயாயிரம் டாலரோடு நிறுத்திக்கொண்டார். இன்றோ வெளியார் வலிய வந்து கொடுத்தாலும் அவர்கள் வாங்குவதில்லை.

இனி நம் ஊர்க் கூட்டம் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். மாதாகோயிலைச் சேர்ந்த பக்கத்து அறையோ, மாலையில் காலியாகும் பள்ளிக்கூடத்து வகுப்போ, ஆஸ்பத்திரி மாடியோதான் பெரும்பாலும் இடம். பள்ளிக்கூடமானால், குழந்தைகளுக்கென்று செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க, ஐம்பது வயதுக்காரர்கள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையில் காலையில் போட்ட கணக்கு அழிபடாமல் இருக்கும். முன்னதாக வந்தவர் ஒருவர் பையிலிருந்து எடுத்து மாட்டிய துணிப்பதாகையில், இயக்கத்தின் பன்னிரண்டு படிகள் அச்சாகியிருக்கும். மேசைமேல் சில புத்தகங்கள், தேநீர் ஃபிளாஸ்க், ஒரு பொட்டலம் பிஸ்கட். வருகைப் பதிவேடு என்று ஒன்று எங்கும் கண்ணில் படாது. கையெழுத்து வாங்குவாரும் இல்லை, கட்டணம் கேட்பாரும் இல்லை. குடியை நிறுத்த வேண்டுமென்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. அந்த விருப்பம் உண்மையானதுதானா என்று சோதிப்பவரும் கிடையாது.

கூட்டம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி. அன்றைக்குத் தலைமை வகிப்பவர் இயக்கத்தின் நோக்கத்தை வாசிப்பார். இன்னும் குடியில் அவதிப்படுகிறவர்களை நினைத்துச் சிறிது நேரம் மௌனம். மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியை வேண்டும் சிறு பிரார்த்தனை ஒன்று. அதன் பிறகு ஒருவர் எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்க, எல்லோரும் "வணக்கம்" என்று அவர் பெயரைச் சொல்லி வரவேற்க, அவர் தம் கதையைச் சொல்வார். குடித்தபோது எப்படி இருந்தது, என்ன நடந்து நிறுத்த நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற மூன்றும்தான் அதன் ஓட்டம். இடையில் யாரும் குறுக்கிடமாட்டார்கள். ‘அந்தச் சமயத்தில் நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டும்’ என்று முடிந்த பிறகும் யாரும் சொல்லமாட்டார்கள். அடகுக் கடையில் போன தாலியையும், ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளையைப் பார்க்கப் போகாத இரவையும் ஒருவர் சொல்லும்போது, வெளியே கேட்டால் முகம் சுளிக்கக்கூடிய அந்த விஷயத்துக்கு அங்கே சில தலைகள் மெல்ல அசையும். சில வேளை, பட்டவனுக்கு மட்டுமே புரியும் ஓர் இடத்தில், அறை முழுவதும் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்யும். பேசுகிறவர் கேட்கிறவருக்கு உபகாரம் செய்வதாகத் தோன்றினாலும், ஆக்ரன் நகரத்து ஹோட்டலில் வில்சன் கண்டபடி, உபகாரம் முதலில் பேசுகிறவருக்கே சேர்கிறது. இருபது வருஷம் குடிக்காமல் இருப்பவர்கள் இன்னமும் வந்து உட்கார்வது ஏன் என்ற கேள்விக்கு வேறு சமாதானம் எனக்குத் தெரியவில்லை.

பேச விருப்பமில்லாத புதியவர், "இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும், வற்புறுத்தமாட்டார்கள். நடுவில் ஒரு பை சுற்றி வரும்; இயன்றதைப் போடலாம், புதியவர் போட வேண்டியதே இல்லை. வாடகைக்கும் தேநீருக்கும் அதிலிருந்துதான். ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தவருக்கு ‘பர்த்டே’ கொண்டாடி, கையடக்கமான ஒரு வில்லையைக் கொடுத்துக் கைதட்டுவதும் உண்டு. கூட்டம் முடிந்த பிறகு தேநீர்த் தம்ளரோடு வாசலில் நின்று பேசும் அரை மணியும் மருந்தில் சேர்த்திதான் என்பது என் எண்ணம். தொலைபேசி எண்கள் கைமாறுவது அப்போதுதான். அந்த எண்கள் இரவு பத்து மணிக்கு நாக்கு வறளும்போது உயிர்காப்பவை. முதல் கிளாஸை எடுத்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. எடுப்பதற்கு முன்னால் கூப்பிட வேண்டும் என்று பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எதையும் முற்றவிடாதே என்பதும் அவர்களுடைய பாடம். ‘இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன்’ என்ற பிரதிக்ஞையை அவர்கள் கேட்பதில்லை. இன்றைக்கு ஒரு நாள், இருபத்துநான்கு மணி நேரம், அவ்வளவுதான். மூத்த உறுப்பினர் ஒருவரை ‘ஸ்பான்சர்’ ஆகக் கொண்டு அவர் துணையோடு பன்னிரண்டு படிகளையும் கடப்பது பிற்பாடு வரும். தன் குறைகளை எழுதிப்பார்த்து ஒருவரிடம் ஒப்புவிப்பதும், தீங்கிழைத்தவர்களிடம் போய் ஈடுசெய்வதும் அந்தப் படிகளில் அடங்கும்.

இந்த அறைக்குள் நுழைவதில்தான் நம்மவருக்குச் சங்கடம். மதுக்கடை வாசலில் பட்டப்பகலில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் பார்க்க வரிசையில் நிற்பதற்குக் கூசாத ஒருவர், இங்கே வருவதற்கு மட்டும் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொள்கிறார். கண்டவரையும் கேட்டதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது இவர்களுடைய முதல் தர்மம். பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் உறுப்பினர்கள் முழுப்பெயரோ முகமோ காட்டுவதில்லை. அப்படியும் மனம் துணியாதவர் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெண்களுக்கு இந்தக் கூச்சம் பன்மடங்கு என்பதால் அவர்களில் சிலர் இணையவழிக் கூட்டத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

தேடுவது கடினமன்று. ஏ.ஏ.யின் இந்தியத் தளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் நாளும் நேரமும் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள். மத்திய அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். ‘திறந்த கூட்டம்’ என்று குறிப்பிட்டிருந்தால் குடும்பத்தாரும் மாணவரும் யார் வேண்டுமானாலும் போகலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு மட்டும். தனியாகப் போகத் தயங்குகிறவர் முன்கூட்டியே அந்தக் குழுவின் எண்ணைக் கூப்பிட்டால், யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று அழைத்துப்போவார். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக அத்தனையையும் தள்ளிவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணம் உண்டு. சில வெவ்வேறு குழுக்களில் உட்கார்ந்து பார்த்த பிறகே முடிவு செய்யலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. பல வருஷம் நாள்தோறும் குடித்தவர், கூட்டத்தின் உற்சாகத்தில் வீட்டுக்குப் போய் அன்றிரவே அடியோடு நிறுத்துவது ஆபத்தாக முடியக்கூடும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; மூன்றாம் நாளளவில் புத்தி பேதலித்து, சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகக் கண்டு அலறும் நிலையும் வரலாம்; கவனியாவிட்டால் உயிருக்கே உலை. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர் முதலில் டாக்டரிடம் போய், மருந்தோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் அந்த ஒரு வாரத்தைக் கடக்க வேண்டும். சென்னை இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. ஆஸ்பத்திரி போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய நிறுவனம் அது. ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை நம்பவே கூடாது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து, குடிப்பவர் அறியாமல் உள்ளே போய் மேலே மதுவும் சேர்ந்தால் இருதயத்தையே தாக்கும்.

இந்த ஏ.ஏ. முறை எல்லோருக்கும் பலிக்கிறதா? 2020-இல் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் சீர்தூக்கிப் பார்த்தது. ஏ.ஏ.யில் சேர்ப்பிக்கும் முறையில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டுக்குப் பிறகும் குடியைத் தொடாமல் இருக்க, வேறு முறைகளில் அது 35 பேராக இருந்தது என்று அது காட்டியது. இந்த வித்தியாசம் அற்பமன்று. ஆனால் பாதிப்பேருக்கு மேல் முழுமையாகத் தப்பவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. தவறி விழுந்தவரை ‘ஸ்லிப் ஆகிவிட்டது’ என்று சொல்லி மறுபடி நாற்காலி போடுவார்கள், விலக்குவதில்லை. பன்னிரண்டு படிகளில் பாதி, கடவுளையோ தன்னைவிட மேலான ஒரு சக்தியையோ குறிப்பிடுவதால் நாஸ்திகர்கள் முகம் திருப்புவதுண்டு. அவரவர் அறிந்தபடியான கடவுள் என்று இயக்கம் இடம்விட்டிருப்பதால் ஹிந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். குழுவையே அந்த மேலான சக்தியாகக் கொள்கிற நாஸ்திகரும் உண்டு. அதுவும் ஒவ்வாதவருக்கு, பயிற்சி பெற்றவர் நடத்தும் ‘ஸ்மார்ட் ரெக்கவரி’ போன்ற, கடவுளைத் தொடாத முறைகள் இணையத்தில் கிடைக்கின்றன.

வீட்டாருக்கு வேறு கூட்டம் இருக்கிறது. லோயிஸ் வில்சனும் வேறு சிலரும் 1951-இல் அமைத்த ‘அல்-அனான்’, குடிப்பவரின் மனைவி, கணவர், பெற்றோர் ஆகியோருக்கானது. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு ‘அலட்டீன்’ உண்டு. பாட்டில்களைத் தேடி எடுத்து ஒளிப்பது, அலுவலகத்துக்கு ‘ஜுரம்’ என்று பொய் சொல்லி விடுப்பு வாங்கித் தருவது, கடன்காரனுக்குப் பதில் சொல்வது என்று தம் ஆயுளையே இந்த வியாதிக்குப் பணிவிடை செய்து தேய்த்துக்கொண்ட பெண்கள் அங்கே வந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்கிறார்கள். "அவர் வரட்டும், அப்புறம் நான் வருகிறேன்" என்று பலரும் சொல்கிறார்கள். அவர் வருகிற வரையில் காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி மட்டும் தனியே போய் வருவது அந்தக் கூட்டங்களில் சர்வசாதாரணம்.